கண் அளவும் கரைக் குறியும்

மாலை வேளையில் உடப்புக் கரையில் நின்று மேற்கே நோக்குகிறோம். கடலில் ஒரு தோணி தென்படுகிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அருகில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் அரை மைல் என்பார். இன்னொருவர் இரண்டு மைலுக்குக் குறையாது என்று அடித்துச் சொல்வார். மூன்றாமவரோ, “அது கிட்டத்தான், கூப்பிட்டாற் கேட்கும்” என்பார். மூவரும் நல்ல கண்பார்வை உடையவர்கள். மூவர் கண்ணிலும் விழுந்த உருவம் ஒன்றே. ஆயினும் விடைகள் மூன்று. இதே மூவரையும் ஊருக்குள் அழைத்துச் சென்று, தெருக்கோடியில் நிற்கும் முச்சக்கர வண்டி எவ்வளவு தூரம் என்று கேட்டால், அவர்கள் சொல்லும் கணக்குகள் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

கண் காண்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். தூரத்தைப் பொறுத்தவரையில் அது பாதி உண்மைதான். விழியின் பின்புறத்தே விழித்திரை என்றொரு மெல்லிய படலம் உண்டு. ஒளி அதன்மேல் உருவத்தை எழுதுகிறது. அதுவும் தலைகீழாக எழுதுகிறது என்பதை ஜெர்மானிய வானியலறிஞர் கெப்ளர் 1604இல் விளக்கினார். அப்படலத்தில் விழும் ஓவியத்துக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. அருகிலுள்ள தோணியின் சிறிய உருவமும், தொலைவிலுள்ள கப்பலின் சிறிய உருவமும் அங்கே ஒரே அளவினவாக விழக்கூடும். ஆழத்தைக் கூட்டிச் சேர்ப்பது மனத்தின் வேலை.

இரு கண்கள் இருக்கின்றனவே, அவை உதவாவா என்று வாசகர் கேட்கலாம். உதவும், ஆனால் கைக்கெட்டும் தூரத்திலேதான் சிறப்பாக உதவும். இரு விழிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்ரிமீற்றர் இடைவெளி இருப்பதால் ஒவ்வொன்றும் சற்றே வேறான படத்தைப் பெறுகிறது. அவ்விரண்டையும் இணைத்து மனம் திரட்சியைக் காண்கிறது. இதனை 1838இல் வீற்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு கருவி அமைத்துக் காட்டினார். ஊசியில் நூல் கோப்பவளுக்கு இது பெருந்துணை. இரண்டு மைல் தொலைவிலுள்ள தோணிக்கோ இரு படங்களும் ஒன்றாகவே தோன்றும், வேறுபாடு அற்றுப்போகும்.

வெறுங்கடலின் வஞ்சனை

அப்படியானால் தெருக்கோடி வண்டியின் தூரத்தை எவ்வாறு அறிகிறோம்? பதினோராம் நூற்றாண்டிலே கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் என்ற பேரறிஞர் தமது ஒளிநூலில் இதற்கு விடை கூறியிருக்கிறார். பார்ப்பவனுக்கும் பொருளுக்கும் இடையே தொடர்ச்சியாகப் பரந்து கிடக்கும் நிலமும், அதன்மேல் வரிசையாக நிற்கும் பழகிய பொருள்களுமே தூரத்தை உணர்த்துகின்றன என்பது அவர் கருத்து. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், இரண்டாம் உலகப் போரிலே விமானிகளின் பார்வையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன், 1950இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். தரையின் பரப்பிலே கல்லும் புல்லும் அருகில் பெரிதாகவும் ஐதாகவும், தொலைவில் சிறிதாகவும் நெருக்கமாகவும் தோன்றுகின்றன. இப்படிப் படிப்படியாக மாறும் பரப்பே மனத்துக்கு அளவுகோல் என்றார் அவர்.

தெருவில் வேலிக் கதிகால்கள் உண்டு, மின்கம்பங்கள் உண்டு, வீட்டுப் படலைகள் உண்டு. கடலில் என்ன உண்டு? அலைக்குப் பின் அலை. எது பெரிது, எது சிறிது என்று பிரித்தறிய வழியில்லை. அளவுகோல் பறிக்கப்பட்ட மனம் தன் போக்கில் ஊகிக்கிறது. மூன்று பேருக்கு மூன்று விடை வந்த காரணம் இதுவே.

மேற்குக் கரையில் வாழும் நமக்கு இந்த வஞ்சனையின் இன்னொரு முகம் நாள்தோறும் காட்சி தருகிறது. உச்சியில் சிறிதாய்த் தெரிந்த சூரியன் கடலில் இறங்கும்போது பெருந்தட்டாய்ச் சிவந்து தோன்றுகிறான். முழுமதியும் அப்படியே. ஆயின் இரண்டு வேளையிலும் அவற்றின் அகலம் கண்ணுக்கு அரைப் பாகைதான். ஐயமுற்றவர் முழுமதி நாளன்று கையை நேரே நீட்டிச் சுண்டுவிரலால் நிலவை மறைத்துப் பார்க்கட்டும். தொடுவானத்தில் மறைக்கும் விரல் நடுவானத்திலும் மறைக்கும். (சூரியனை இவ்வாறு சோதிக்க வேண்டா, கண் கெடும்.) தொடுவானத்தில் நிலவு பெரிதாகத் தோன்றுவது மனத்தின் ஆக்கம் என்பதில் அறிஞர்களுக்கு ஐயமில்லை. மனம் ஏன் அவ்வாறு ஆக்குகிறது என்பதிலேதான் இன்றுவரை வழக்கு ஓயவில்லை.

கோபுரமும் பனையும்

வேடிக்கை பார்ப்பவருக்கு இது ஒரு விந்தை. கடலோடிக்கோ வயிற்றுப்பாடு. வெறும் மணல் பரந்த கடலடியில் மீன் அதிகம் தங்குவதில்லை. பாறையும் முருகைக்கல்லும் உள்ள திட்டுகளிலேயே அது இரைதேடி ஒதுங்கும். அத்திட்டுகளைப் ‘பார்’ என்பது கரையோர வழக்கு. முத்துப்பார் என்ற பழஞ்சொல்லிலும் அது நிலைத்திருக்கிறது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும் பார்த்தொகுதி 1992இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அது தவிரச் சிறியனவும் பெரியனவுமாக எத்தனையோ பார்கள் இக்கரை நெடுகிலும் நீருக்குள் மறைந்து கிடக்கின்றன. சில பார்கள் இரண்டு மூன்று வீட்டு வளவுகளின் பரப்புக்கு மேற்படா. மேலே நின்று பார்த்தால் நீர். எங்கும் ஒரே நீர். அதில் அந்த இரண்டு வளவு நிலத்தை நேற்றுக் கண்டவன் இன்றும் காண்பது எப்படி?

இதை நாம் உடப்பிலே முதிய கடலோடி ஒருவரிடம் கேட்டோம். எழுபதைக் கடந்தவர், இப்போது கடலுக்குப் போவதில்லை. “ஐயா, தூரத்தை எப்படி மதிப்பீர்கள்?” என்று நாம் வினவியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

“தூரத்தை ஆர் பார்த்தது, மாஸ்டர்? பனை வந்து கோபுரத்தோட முட்டவேணும். அவ்வளவுதான். கொஞ்சம் விலகினாலும் அது வேற இடம்.”

அவர் சொன்னதை விரித்துரைப்பின் இதுவாகும். கரையோரத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. அதற்குப் பின்னே, உள்நாட்டுப் பக்கமாக, ஒரு நெட்டைப் பனை நிற்கிறது. தோணி வடக்கே நகர்ந்தால் பனையும் கோபுரமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதாகத் தோன்றும். தெற்கே நகர்ந்தால் எதிர்ப்புறமாக விலகும். ஓரிடத்தில் மட்டும் பனை கோபுரத்தின் பின்னே மறையும். அப்போது தோணி எங்கே நிற்கிறது என்பது பாதி தெரிந்துவிட்டது: அது அவ்விரண்டையும் தொட்டு வரும் நேர்கோட்டின்மேல் நிற்கிறது. இனி வேறொரு திசையில், தண்ணீர்த் தாங்கி ஒன்றும் அதன் பின்னே தென்னந்தோப்பின் விளிம்பும் என்று இன்னொரு சோடி வேண்டும். முதற் சோடி பிரியாதபடி தோணியைச் செலுத்திக்கொண்டே போக, இரண்டாவது சோடியும் எங்கே ஒன்றுசேர்கிறதோ அங்கே கல்லைப் போடலாம். கீழே பார் இருக்கும். இரண்டு கோடுகள் ஒரே புள்ளியில்தான் வெட்டும் என்ற கேத்திரகணித உண்மையைப் பள்ளிக்கூடம் பாராதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

இது எவ்வளவு நுட்பமான முறை என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். தோணி கரையிலிருந்து 5 கிலோமீற்றர் தொலைவில் நிற்கிறது என்போம். கோபுரம் கரையிலும், பனை அதற்கு ஒரு கிலோமீற்றர் பின்னாலும் இருக்கட்டும். ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் வருவது ஒரு கலை. ஒரு கலை அளவுக்குப் பனை விலகினாலும் சாதாரணக் கண் அதைக் கண்டுகொள்ளும். அந்த அளவு விலக்கம் உண்டாகத் தோணி பக்கவாட்டில் எவ்வளவு நகரவேண்டும்? கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 9 மீற்றர்! ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் நின்றுகொண்டு, கருவி ஏதுமின்றி, ஒன்பது மீற்றர் பிசகைக் கண்டுபிடிக்கலாம். இன்றைய கைத்தொலைபேசி செய்மதிகளின் துணையால் இடங்காணும்போது, திறந்த வெளியிலே அதன் பிழை ஏறக்குறைய 5 மீற்றர். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு தோணியின் நீளத்துக்கு மேல் இராது.

உண்மையில் கண்ணின் ஆற்றல் ஒரு கலையோடு நிற்பதன்று. இரு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காண்பதற்குத்தான் நல்ல கண்ணுக்கு ஒரு கலை இடைவெளி வேண்டும். இரு கோடுகள் ஒரே நேரில் நிற்கின்றனவா, சற்றே பிசகி நிற்கின்றனவா என்று அறிவதற்கு அதிற் பத்திலொரு பங்கும் போதும். இந்த வியத்தகு நுண்மைக்கு 1975இல் ஜெரால்ட் வெஸ்ற்ஹைமர் என்ற அறிஞர் ‘அதிகூர்மை’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். விழித்திரையின் தனித்தனி உணர்கலங்களின் பருமனைவிடச் சிறிய பிசகை மூளை கண்டுகொள்கிறது. பல கலங்களின் செய்திகளை ஒன்றுசேர்த்து அது கணக்கிடுகிறது.

ஆடும் தோணியில் அந்த முழு நுண்மையும் கிட்டாது என்பது மெய்யே. ஆயினும் கடலோடியின் தந்திரம் எங்கே இருக்கிறது பாருங்கள். ‘எவ்வளவு தூரம்?’ என்ற கேள்விக்கு மனம் வெறுங்கடலில் மிக மோசமாக விடையளிக்கும். ‘இவ்விரண்டும் நேரா?’ என்ற கேள்விக்கு மிகச் சிறப்பாக விடையளிக்கும். அவன் முதற்கேள்வியைக் கேட்பதேயில்லை. முழுவதையும் இரண்டாவது கேள்வியாக மாற்றிக் கேட்கிறான். மனத்தின் பலவீனத்தையும் பலத்தையும் இவ்வளவு துல்லியமாக எடைபோட்ட உளவியலாளர் அரியர்.

இக்கரை தட்டையானது. மலைகள் அருகில் இல்லை. ஆதலால் குறி எவ்வளவு தூரம் தெரியும் என்பதும் முக்கியமாகிறது. உயரத்தை மீற்றரிற் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 3.57ஆற் பெருக்கினால் தொடுவானத் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். தோணியில் நிற்பவனின் கண் நீரிலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருந்தால் அவனுக்குத் தொடுவானம் 5 கிலோமீற்றர். இருபது மீற்றர்த் தென்னையின் தலைக்கு 16 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 21. அதற்கப்பால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தென்னை நீருக்குள் மூழ்கிவிடும். நூறு மீற்றர்க் கோபுரமொன்று இருந்தாலோ 40 கிலோமீற்றர் வரை துணைவரும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் மூன்று பொருள்

இனிக் கடலை விட்டு வீட்டுக்குள் வருவோம். ஒரு மேசையின் முன் வடக்கு நோக்கி நின்று, அதன்மேல் ஒரு கரண்டி, ஓர் எலுமிச்சம்பழம், ஒரு தீப்பெட்டி மூன்றையும் இடமிருந்து வலமாக வையுங்கள். வீட்டிலுள்ள ஒருவரை அழைத்து அதனை மனத்திற் பதிக்கச் சொல்லுங்கள். பிறகு அவரை அப்படியே திருப்பி, தெற்கு நோக்கியிருக்கும் இன்னொரு மேசைக்கு அழைத்துச் சென்று, ‘முன்போலவே வை’ என்று மட்டும் கூறுங்கள். அவர் கரண்டியை இடக்கைப் பக்கம் வைத்தால் ஒரு வகை. மேற்குப் பக்கம் வைத்தால் இன்னொரு வகை. தெற்கு நோக்கி நிற்பவனுக்கு மேற்கு வலக்கைப் பக்கம் அல்லவா? இரண்டும் சரியான விடைகளே. முதல்வகையார் உலகைத் தம் உடலை நடுவாக வைத்து மனத்திற் கொள்கிறார்கள். இரண்டாம் வகையார் திசைகளை வைத்துக் கொள்கிறார்கள். நம் வகுப்பறையில் இதைச் செய்து பார்த்தபோது இரு விடையும் வந்தன; தாம் சொன்னதே சரி என்று இரு கட்சியாரும் ஒருவரையொருவர் கண்டு நகைத்தனர்!

இந்தச் சோதனையை 1990களில் நெதர்லாந்திலுள்ள மக்ஸ் பிளாங் உளமொழியியல் நிறுவனத்தார் உலகின் பல பாகங்களிலும் நடத்தினார்கள். அவர்களுள் எரிக் பெடர்சன் என்பவர் தேர்ந்துகொண்டது தமிழர்களை. தமிழ்நாட்டு நகரத்தவர் இத்தகைய சிறு பொருள்களைப் பற்றிப் பேசும்போது இடம், வலம் என்ற சொற்களைக் கையாள்வதையும், கிராமத்தவர் அதற்கே கிழக்கு, மேற்கு என்று திசை கூறுவதையும் அவர் கண்டார். ‘சோற்றுப் பானைக்கு வடக்கே உப்பு இருக்கிறது, எடு’ என்று சொல்லும் பாட்டிமாரை நாமும் கண்டிருக்கிறோம். பேச்சில் மட்டுமன்று, வாய்திறவாது பொருளை வைக்கும் சோதனையிலும் இவ்வேறுபாட்டின் சாய்வு தெரிந்தது. ஒரே மொழி, ஒரே இனம், இருவேறு மனப்படங்கள். 1998இல் வெளிவந்த அவர்களுடைய கூட்டுக் கட்டுரையில் தமிழும் இடம்பெற்றது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலே கூகு யிமிதிர் மொழி பேசும் ஆதிக்குடிகள் இன்னும் ஒரு படி மேலே போய், உடலின் உறுப்புகளுக்கும் திசை கூறுவர். ‘உன் தெற்குக் காலில் எறும்பு ஊர்கிறது’ என்றால் அங்கே எவரும் வியப்பதில்லை.

மொழியே மனத்தை இவ்வாறு வார்க்கிறது என்று கூறிவிடலாமா? அது அவசரம். 2002இல் லீ, கிளைற்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், சூழலில் எடுப்பான அடையாளம் ஒன்றிருந்தால் ஆங்கிலம் பேசும் மாணவரும் அதைப் பற்றிக்கொண்டு விடைமாற்றுவர் என்று காட்டி மறுத்தனர். மறுப்புக்கு மறுப்பும் வந்தது. நமக்குத் தோன்றுவது இது: மனத்திடம் இரு கணக்கேடுகளும் பிறவியிலேயே உண்டு, எந்த ஏட்டை நாளும் புரட்டுகிறோமோ அது கைக்கு எளிதாகிறது. மொழியும் தொழிலும் ஊரின் நிலக்கிடப்பும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

நிலக்கிடப்பு என்றதும் ஒரு செய்தி. கிழக்கு என்ற சொல் ‘கீழ்’ என்பதிலிருந்தும், மேற்கு என்பது ‘மேல்’ என்பதிலிருந்தும் வந்தவை. மேற்கே மலைத்தொடர் உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கி நிலம் தாழும் தமிழ்நாட்டுக்கு அவை பொருந்தும்; கால்டுவெல் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். புத்தளம் கரையிலோ எல்லாம் தலைகீழ். இங்கே மேற்கே இறங்கினால் கடல். கிழக்கே போகப் போக நிலம் உயர்கிறது. கடலுக்கு இறங்கும் ஒவ்வொருவனும் சொல்லின்படி ‘மேலே’ போகிறான்! எத்தனையோ நூற்றாண்டுகளாக இங்கே வழங்கும் அச்சொல்லில் வேறொரு நிலத்தின் சரிவு பதிந்து கிடக்கிறது. பேசுவோர் அதைக் கவனிப்பதில்லை.

கச்சான் காற்றுக் காலத்திலே மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, இக்கரை மீனவர் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. வாடிக்கு எதிரே சூரியன் மறைவதற்குப் பதிலாக உதிக்கிறான். இரண்டு மூன்று நாள் தலை சுற்றியதுபோல் இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்றார் நம் முதியவர். மனப்படம் முழுவதையும் திருப்பி வைக்க அவ்வளவு நாள் பிடிக்கிறது போலும்.

மூளைக்குள் ஒரு கடற்குதிரை

இரு கணக்கேடுகள் என்றோம். அதற்குச் சான்று 1978இல் இத்தாலியின் மிலான் நகரிலிருந்து வந்தது. மூளையின் வலப்பாதியில் ஊறு நேர்ந்தவர்களுட் சிலருக்கு, கண் பழுதில்லாதிருந்தும் இடப்பக்கத்து உலகம் கருத்திற் படுவதில்லை. தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டு மறுபாதியை விட்டுவிடுவர். அத்தகைய இருவரிடம் பிஸியாக், லுஸ்ஸாற்றி என்ற மருத்துவ அறிஞர்கள், அந்நகரத்துப் பேராலய முன்றிலைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஆலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணியபோது நோயாளர் வலப்பக்கத்துக் கட்டடங்களையே பெரிதும் கூறினர். இப்போது ஆலயப் படியில் நின்று எதிர்ப்புறம் நோக்குவதாக எண்ணுங்கள் என்றார்கள். முன்பு விடுபட்ட கட்டடங்கள் அத்தனையும் வந்தன. முன்பு கூறியவை விடுபட்டன!

உடப்பு திரௌபதை அம்மன் கோவில் வாயிலில் நிற்பதாக எண்ணிக்கொண்டு வாசகரும் இருபுறக் கடைகளையும் வீடுகளையும் மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். அந்த நோயாளரின் நினைவில் முன்றில் முழுவதும் பத்திரமாக இருந்தது. அதைப் பார்க்கும் ‘நான்’ என்னும் சாளரத்திலேதான் பாதி அடைபட்டிருந்தது.

முழுப்படம் எங்கே இருக்கிறது? எலிகளும் வழிகளை மனப்படமாகக் கொள்கின்றன என்று 1948இல் ரொல்மன் என்ற அமெரிக்கர் எழுதியபோது பலர் நம்பவில்லை. 1971இல் இலண்டனில் ஜோன் ஓ’கீஃப் என்பவரும் அவருடைய துணைவரும், எலி அறையின் ஒரு குறித்த இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்புக்கலங்களை அதன் மூளையிற் கண்டனர். நோர்வேயில் மே-பிரித் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும் தம் குழுவினருடன், தேன்கூட்டு வடிவில் இடத்தை அளவிடும் வேறு கலங்களை 2005இற் கண்டனர். இம்மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓ’கீஃப் கண்ட பகுதியின் பெயர் ஹிப்போகம்பஸ். கடற்குதிரை என்பது அதன் பொருள். அதன் வளைந்த உருவைக் கண்டு பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றறிஞர் ஒருவர் சூட்டிய பெயர் அது. புத்தளம் களப்பின் கடற்புற்களில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் அதே சிறு பிராணிதான்!

இப்பகுதி பயிற்சியால் மாறுவது என்பதற்கு இலண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்கள் சாட்சி. அந்நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை ஆண்டுக்கணக்கில் மனனம் செய்தே அவர்கள் உரிமம் பெறவேண்டும். அவர்களுடைய கடற்குதிரையின் பின்பகுதி மற்றவர்களினும் பருத்திருப்பதை 2000இல் எலினோர் மக்வயர் குழுவினர் கண்டனர். 2017இல் அதே இலண்டனில் வேறோர் ஆய்வு வெளியாயிற்று. தாமே வழிதேடுபவரின் மூளையில், ஒவ்வொரு தெருச் சந்தியிலும் எத்தனை வழிகள் பிரிகின்றனவோ அதற்கேற்ப இப்பகுதி கிளர்ந்தது. கருவி கூறியபடி திரும்புபவரிடம் அது அந்தக் கணக்கையே எடுக்கவில்லை.

செய்மதிக் கருவி இன்று இக்கரைத் தோணிகளுக்கும் வந்துவிட்டது. அது வேண்டாமென்று கரையில் இருந்துகொண்டு நாம் கூறுவது அடாது. இருளிலும் மழையிலும் கோபுரமும் பனையும் மறையும்போது அது வழிகாட்டுகிறது, உயிர் காக்கிறது. ஆனால் அது காட்டுவது எண்களை. கரை எங்கே, காற்று எங்கே, நீரோட்டம் எங்கே இழுக்கிறது, கோபுரத்தைவிட்டுப் பனை எந்தப் பக்கம் விலகுகிறது என்று ஓயாது ஒப்புநோக்கும் வேலையை அது மனத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறது. உப்புநீர் பட்டோ, மின்கலம் தீர்ந்தோ அது அணைந்துபோனால், குறி அறிந்தவன் தலையை நிமிர்த்திக் கரையைப் பார்ப்பான். அறியாதவனும் பார்ப்பான், அவனுக்குத் தெரிவது வெறுங் கரைதான்.

பசிபிக் பெருங்கடலில் புலுவத் என்ற சிறு தீவின் மாலுமிகளைப் பற்றி தோமஸ் கிளாட்வின் 1970இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் தோணி அசையாது நிற்பதாகவும், தீவுகளே நட்சத்திரங்களின் கீழே பின்னோக்கி நகர்வதாகவும் மனத்திற் கொண்டு நெடுந்தூரம் பிசகின்றிச் செல்வர். அந்த மனப்படம் நூலேறிவிட்டது. நம் கரையின் குறிகள் ஏடேறவில்லை. அதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. நல்ல பாரின் குறி குடும்பச் சொத்து. தகப்பன் மகனுக்குக் காட்டுவான். அடுத்த தோணி அருகில் வந்தால் வேறிடத்தில் தொழில் செய்வதாகப் பாசாங்கு செய்வான். மகன் கேட்காவிட்டால் அது தகப்பனோடு போய்விடும். பனைகளும் சாகின்றன. தோப்புகள் வெட்டுண்டு வீடுகள் எழுகின்றன. ஒரு மரம் விழுந்தால் ஒரு கோடு அழிகிறது. ஒரு கோடு அழிந்தால் நீருக்கடியில் இருக்கும் பார், இருந்தும் இல்லாததாகிறது.

புதிய குறிகள் பிறக்காமலும் இல்லை. 2010இல் மாம்புரியிலும் களப்போரத்திலும் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மேலே சொன்ன கணக்கின்படி, தென்னை மூழ்கிய பின்னும் இவை கடலோடியின் கண்ணுக்கு நெடுந்தூரம் துணைவரக்கூடியவை. நுரைச்சோலைப் புகையையும் சாம்பலையும் பற்றி அவ்வூர் மக்களுக்கு எவ்வளவோ முறைப்பாடுகள் உண்டு, அவை நியாயமானவை. கடலிலிருந்து பார்ப்பவனுக்கு அந்தப் புகைபோக்கி நல்லதொரு பனை.

குறிகளை எழுதி வைத்தால் என்ன என்று நம் முதியவரிடம் கேட்டோம். ஓர் அப்பியாசக் கொப்பியையும் கொண்டுபோயிருந்தோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி நீட்டி மூன்று பார்களின் குறிகளைச் சொன்னார். எது முன், எது பின், எது எதனோடு முட்டவேண்டும் என்பதெல்லாம் தடங்கலின்றி வந்தன. எழுதி முடித்தபின், இந்த மூன்றிலும் மீன் எப்படி என்று வினவினோம்.

“இப்ப அங்க மீன் இல்ல, மாஸ்டர். அதாலதான் சொன்னன்.”

மற்றவற்றைப் பற்றிக் கேட்டபோது, கிழிந்த வலையொன்றை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசியைத் தேடத் தொடங்கினார்.